பதினான்கு மாதத் திருமணம்: ஜீவனாம்சம் எவ்வளவு கிடைக்கும்?

கேள்வி: எனக்கு வயது 29. திருமணமாகி 14 மாதங்களில் பிரிந்துவிட்டோம். குழந்தை இல்லை. கணவர் சொன்னதால் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். மாமியாரின் பேச்சைத் தாங்க முடியாமல் அம்மா வீட்டுக்கு வந்து 8 மாதம் ஆகிறது. நகைகள் அங்கேயே இருக்கின்றன. கணவர் பெயரில் உள்ள வீட்டில் எனக்குப் பாதி கிடைக்குமா? இப்போது ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறேன். அதைக் கோர்ட்டில் சொல்லாதே என்கிறார்கள் உறவினர்கள். ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு விலகிவிடு என்கிறார் கணவர்.

பதில்: மாமியார் பேசியதைத்தான் கடிதத்தில் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே வேதனையாக இருந்தது. நீங்கள் பிரிந்து வந்ததற்குக் காரணம் காட்ட அது உதவும், அவ்வளவுதான். வீட்டில் பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் நாட்டில் கல்யாணம் ஆனதாலேயே கணவர் பெயரில் உள்ள சொத்தில் மனைவிக்குப் பங்கு வந்துவிடாது.

நீதிபதி முக்கியமாகப் பார்ப்பது கணவருடைய வருமானம் எவ்வளவு, உங்களுடையது எவ்வளவு என்பதைத்தான். திருமணம் குறுகிய காலமே நீடித்தது என்பதற்காக வழக்கு நடக்கும்போது கேட்கிற இடைக்கால ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது. ஆனால் நிரந்தர ஜீவனாம்சத்தை நிர்ணயிக்கும்போது எத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தீர்கள் என்பதும் கணக்கில் வரும். 14 மாத வாழ்க்கைக்கு, குழந்தையும் இல்லாத நிலையில், பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள்.

மனு போட்ட தேதியிலிருந்துதான் ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொல்லிவிட்டது. நீங்கள் 8 மாதமாக மனுவே போடவில்லை. அந்த 8 மாதம் போனது போனதுதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கான 125-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 144. அதன் கீழ் குடும்ப நல நீதிமன்றத்தில் இந்த வாரமே மனு போடுங்கள்.

இனி, எனக்கு உண்மையிலேயே பயம் தருகிற விஷயத்துக்கு வருகிறேன். அது அந்த டியூஷன். அதே தீர்ப்பின்படி இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். என்னிடம் ஒரு பெண் வந்திருந்தார். வீட்டிலிருந்தே தையல் வேலை செய்து வந்தவர், சில்லறைக் காசுதானே என்று 'வருமானம் இல்லை' என எழுதிவிட்டார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அவருடைய வங்கி ஸ்டேட்மென்ட்டை நீட்டினார். கூகுள் பேயில் வந்த வரவுகள் வரிசையாகப் பச்சை மையில் வட்டமிடப்பட்டிருந்தன. "இது யார் அனுப்பிய பணம்? இது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏழாவது வட்டத்தில் அந்தப் பெண் அழுதுவிட்டார். கணவர் தன் சம்பளத்தைக் குறைத்துக் காட்டியிருந்தார் என்பதை நிரூபிக்க எங்களிடம் காகிதம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண் சொன்ன எதையும் நீதிபதி நம்பவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் தொகை கொஞ்சம் குறைந்திருக்கும். மறைத்ததால் கேட்டதில் கால்வாசிகூட வரவில்லை. பொய்ப் பிரமாணம் தண்டனைக்குரிய குற்றமும்கூட.

டியூஷன் வருமானம் உங்கள் வழக்கைக் கெடுக்காது. சம்பாதிக்கத் தகுதி இருப்பது வேறு, சம்பாதிப்பது வேறு; கொஞ்சம் சம்பாதிப்பதாலேயே ஜீவனாம்ச உரிமை போய்விடாது. வரும் தொகையை ரூபாய் விடாமல் எழுதுங்கள். பழைய வேலையின் சம்பளச் சீட்டையும், ராஜினாமா செய்யச் சொல்லி அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதையும் இணையுங்கள்.

சரி, சமரசத்துக்குப் போகலாமா? போகலாம், போங்கள் என்றே சொல்வேன். உங்கள் வயதில் மாதாமாதம் வாங்குவதைவிட மொத்தத் தொகை நல்லது. மறுமணம் செய்தால் மாத ஜீவனாம்சம் நின்றுபோகும். அவர் வேலை மாறினால், பணம் கட்டாமல் விட்டால், ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் உத்தரவை நிறைவேற்றக் கோரும் மனுவோடு அலைய வேண்டும். இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து மனு போட ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் 4 மாதம் இருக்கிறது. அதுவரை 144 மனு நடக்கட்டும். அது நிலுவையில் இருந்தால்தான் பேச்சுவார்த்தையில் உங்கள் வார்த்தைக்கு எடை இருக்கும்.

இதற்கிடையில் 'மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்' என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழும் மனைவிக்கு 144-இன் கீழ் ஜீவனாம்சம் கிடையாது. பெரியவர்கள் முன்னால் சாதாரணமாகத்தான் நீட்டுவார்கள். அந்த ஒரு வரியில் வழக்கே போய்விடும்.

நகை உங்கள் சீதனம், அதாவது உங்களுக்கே சொந்தமான சொத்து; ஜீவனாம்சத்தோடு அதைக் கலக்காதீர்கள். கல்யாண ஆல்பத்தையும் நகைக்கடை பில்களையும் வைத்து இன்றே பட்டியல் எழுதுங்கள். சமரசத்தில் பேசிய மொத்தத் தொகையில் பாதியை 13-பி மனு போடும் அன்று டிடியாகவும், மீதியை விவாகரத்துக்கு முன் இருவரும் மீண்டும் சம்மதம் சொல்லும் இரண்டாவது வாக்குமூலத்தன்று நீதிபதி முன்னிலையிலும் வாங்குங்கள். நகையை எடை போட்டுச் சரிபார்த்து வாங்கும்வரை 'எனக்கு வரவேண்டியது எதுவும் பாக்கி இல்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள்.