பேரேட்டில் சிறுத்த எழுத்து

ஐயா, பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் எப்படித் திரள்கிறது என்பது தலைப்பு. ஒரே கரைசல், ஒரே சூடு. சோதனைத் தட்டின் ஒரு குழியில் சீக்கிரம் திரள்கிறது, பக்கத்துக் குழி மறுநாளும் சும்மா கிடக்கிறது. நான்கு வருடம் போய்விட்டது. மன்னார்குடிப் பக்கம் ஊரில் என் தாத்தாவுக்கும் இதே நோய். “மருந்து எப்பம்மா வரும்?” என்கிறார். என்ன சொல்வது? இதையெல்லாம் தமிழில் எப்படி விளக்குவது?

– ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தமிழுக்கு என்ன குறை? ‘திரள்கிறது’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கற்கண்டுப் பாகு நெடுநேரம் தெளிவாகவே நிற்கும்; நூலில் முதல் பரல் பிடித்துவிட்டால் பிறகு அடங்காது. அந்த முதல் பரல் எப்போது பிடிக்கும் என்பது தற்செயல். உங்கள் குழிகள் முரண்டு பிடிப்பதும் அதனால்தான். இந்த நோயாளிகளின் மூளை செல்லுக்குள் உருண்டை உருண்டையான திரள்களை லெவி என்ற ஜெர்மன் மருத்துவர் பார்த்தது 1912-இல். உள்ளே இருப்பது உங்கள் புரதம் என்று தெரிந்தது 1997-இல். நீங்கள் நான்கு வருடத்துக்குப் புலம்புகிறீர்கள்!

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. தாத்தாவைப் பற்றி இரண்டு வரிதானா? அவருக்கு எப்போது தொடங்கியது என்று கேட்டீர்களா? “கை நடுங்கியபோது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

என் அப்பா கும்பகோணம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். நெல் ஊறும் தொட்டியின் புளித்த வாடை அடுத்த தெருவுக்கு வரும். ஒருநாள், “என்ன, இப்பல்லாம் தொட்டி நாத்தமே காணோம்?” என்றார். நாங்கள் சிரித்தோம். அப்புறம் பேரேட்டில் எழுத்து சிறுத்தது. வரி முத்துமுத்தாகத் தொடங்கும், போகப்போக எறும்பு ஊர்ந்த மாதிரி முடியும். எதையோ மறைக்கத்தான் பொடியாக எழுதுகிறார் என்று முதலாளிக்குச் சந்தேகம். முப்பது வருடக் கணக்குப்பிள்ளை. கூப்பிட்டுக் கேட்டபோது அப்பாவின் முகம் அசையவில்லை. அதைத் திமிர் என்றார்கள். நானும் சளைத்தவனில்லை. “கண்ணாடியை மாத்துங்கப்பா” என்று கத்தியிருக்கிறேன். கை நடுங்கியது அதற்கும் மூன்று வருடம் கழித்து.

திரள் முதலில் மூளையில் வாசனையை அறியும் மோப்பக் குமிழிலும் மூளைத்தண்டின் அடியிலும் தொடங்குகிறது என்று ஜெர்மன் ஆய்வாளர் பிராக் 2003-இல் எழுதியது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். வீட்டில் அந்த மூக்கோடு ஒரு மனிதர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை!

பொங்கலுக்குப் போகும்போது தாத்தாவின் பழைய குத்தகை நோட்டை எடுத்துப் பாருங்கள். எந்த வருடத்தில் எழுத்து சுருங்குகிறது என்று அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள். அப்பாவின் கடைசிப் பேரேடு என்னிடம் இருக்கிறது, வழியில் இறங்கி அதையும் பாருங்கள். பூதக்கண்ணாடி வேண்டும், நானே வைத்திருக்கிறேன்.