ரம்பப் பல் வரைபடமும் கையில் இருக்கும் வேலையும்

வணக்கம் அம்மா,

"கையில சாஃப்ட்வேர் வேலை இருக்கு சார், ஓஎம்ஆர்ல ஆபீஸ். அதை விட்டுட்டு அலுமினியத்தை இழுத்துப் பார்க்கப் போறேங்கிறாளே!" என்று சனிக்கிழமை கேட்டீர்கள். உங்கள் கவலை நியாயமானதுதான். உங்கள் மகள் உலோகவியல் எம்.டெக் சேர்ந்து இழுத்துப் பார்க்கப் போவது எதை என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

போனில் ஒரு வரைபடம் காட்டினாளே, ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் கோடு? மக்னீசியம் கலந்த அலுமினியத் துண்டை மெதுவாக இழுத்தால் அது சீராக நீளாமல் விட்டுவிட்டு நீளும். போர்ட்டவன், லெ ஷாட்டலியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1923-இல் இதைப் பற்றி எழுதினார்கள். மயிலாப்பூர் பங்குனித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை விழுந்தால் தேர் நிற்கும்; வடம் விறைக்கும்; கட்டையை மீறியதும் குலுங்கி ஓடும். உலோகத்துக்குள் நகரும் அணு அடுக்குப் பிசகுகளுக்கு, டிஸ்லொகேஷன் என்பார்கள், மக்னீசியம் அணுக்கள் அப்படித்தான் கட்டை போடுகின்றன. துண்டின் மேல் பட்டை பட்டையாக வரி விழும். கார் வெளித்தகட்டில் அது வந்தால் பெயின்ட் அடித்தாலும் மறையாது.

அவள் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. மக்னீசியத்தோடு சிலிக்கானும் கலந்த அலுமினியக் கலவையைச் சுமார் 530 டிகிரியில் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, பிறகு 175 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்தால், கரைந்திருந்த அணுக்கள் கூடி நுண்ணிய துகள்களாகும். இவைதான் வீழ்படிவுகள். அணுக்கள் துகளுக்குள் போய்விட்டால் வழியில் கட்டை போட ஆள் குறையும். ரம்பப் பல் மழுங்கும். ஆனால் துகள் மிகச் சிறியதாக இருந்தால் டிஸ்லொகேஷன் அதை வெட்டிக்கொண்டு போகும். வெட்டிய பாதை மெலியும். ஒருவர் போன ஒற்றையடிப் பாதையிலேயே மற்றவர்களும் போவது போல எல்லாம் அங்கேயே குவியும். இதுவும் சீரற்ற நீட்சிதான், காரணம் வேறு. துகள் பெரிதானால் அதைச் சுற்றிக்கொண்டு போகும், நீட்சி பரவும், ஆனால் வலு குறையும். எந்த அளவில் நிறுத்துவது என்பதே அவள் தேடுவது.

இஸ்ரோ ராக்கெட்டுகளின் கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த) எரிபொருள் தொட்டிக்குப் பயன்படும் 2219 என்ற அலுமினியக் கலவைக்கு வலு தருவதும் வீழ்படிவுகளே. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வாகனத் தொழிற்சாலைகளுக்கும் கல்பாக்கம் ஆராய்ச்சி மையத்துக்கும் உலோகவியல் படித்தவர்கள் வேண்டும். ஆனால் இடங்கள் சாஃப்ட்வேர் அளவுக்கு இல்லை, தொடக்கச் சம்பளமும் பெரும்பாலும் குறைவு. இதை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

பணத்துக்கு வருவோம். கேட் என்ற நுழைவுத் தேர்வு மூலம் எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. வீட்டிலிருந்து போய்வந்தால் சமாளிக்கலாம். கேட் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும் என்பதால், ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டும் சேரலாம். வீட்டுக் கடன் நெருக்கினால் அந்த வழி தப்பில்லை.

இருந்தாலும் இந்த வருடமே போகட்டும் என்பேன். அன்று அந்த வரைபடத்தைக் குறிப்பு எதையும் பார்க்காமல் பத்து நிமிடம் எனக்கு விளக்கினாள். நடுவில் ஒரு பல் மட்டும் ஏன் பெரிதாக இருக்கிறது என்று தானே கேட்டு, யோசித்து, "தெரியல சார், பார்க்கணும்" என்றாள். சாஃப்ட்வேர் வேலையைப் பற்றிக் கேட்டதும் சம்பளத்தைச் சொன்னாள், அவ்வளவுதான்.

சேரும் முன் ஒன்று செய்யட்டும். வழிகாட்டப் போகும் பேராசிரியரிடம் முன்பு படித்த இரண்டு பேரைச் சந்தித்து, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் மாதம் எத்தனை நாள் நேரம் கிடைத்தது, இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்கட்டும். மைக்ராஸ்கோப் நேரம் கிடைக்காமல் ஒரு வருடம் வீணான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த இருவர் சொல்வதைக் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். அதுவரை சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு, வேலை வேண்டாம் என்று கடிதம் போட வேண்டாம்.