தெருவில் பாடிப் பிழைத்த ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை) கிதார் கலைஞர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

ரெவரெண்ட் கேரி டேவிஸ். யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் அவரை வெறும் 'ப்ளூஸ்காரர்' என்று சொன்னால் பாதிதான் சரி. 1896இல் தென் கரோலினாவில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே பார்வை போய்விட்டது. 1930களில் பாப்திஸ்து போதகராகிவிட்டார். 1935இல் நியூயார்க்கில் அவர் பதிவு செய்த 15 பாட்டுகளில் இரண்டுதான் ப்ளூஸ், மற்றதெல்லாம் ஆண்டவர் பாட்டு. வார்த்தை சுவிசேஷம், விரல் முழுக்க ப்ளூஸும், ராக்டைம் என்ற துள்ளல் தாள இசையும்!

1940களில் நியூயார்க்குக்கே குடிவந்து, கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதித் தெருக்களில் நின்று பாட்டும் பிரசங்கமுமாகக் காலம் தள்ளினார். வலது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், இந்த இரண்டை வைத்தே வாசிப்பார். கீழ்ஸ்தாயித் தந்திகளில் கட்டை விரல் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும், மேலே ஆள்காட்டி விரல் பாடும். பஸ் இரைச்சலிலும் ஆளை நிறுத்திவைக்க வேண்டுமே, அதற்காகப் பழகிய வாசிப்பு என்றுதான் எனக்குத் தோன்றும்.

நானும் முயன்று பார்த்தேன். எட்டு வருஷமாக கிதார் வாசிக்கிறேன் என்ற திமிர் இரண்டே நாளில் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரல் கொஞ்சம் தாளம் தள்ளி விழுந்தால் போதும், கட்டை விரல் நின்று வேடிக்கை பார்க்கும். சாப்பாட்டு மேசையில் தட்டித் தட்டிப் பழகி வீட்டில் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

அவரிடமே கற்ற இளைஞர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரு பாடத்துக்கு 5 டாலர். உட்கார்ந்தால் நாள் முழுக்கக்கூட ஓடுமாம். பின்னாளில் கிதார் கலைஞராகப் பெயர் வாங்கிய ஸ்டீஃபன் கிராஸ்மன் அப்படிப் போன நியூயார்க் புரூக்ளின் பையன்தான்.

பணம் வந்தது அறுபது வயதைத் தாண்டி. டேவிஸ் பாடிவந்த, பைபிளில் வரும் சிம்சோன் கதைப் பாட்டை 1962இல் 'பீட்டர், பால் அண்ட் மேரி' என்ற நாட்டுப்பாடல் குழு தங்கள் முதல் ஆல்பத்தில் சேர்த்தது. அந்த ராயல்டியில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் சொந்த வீடு வாங்கினார். இதே பாட்டை 1927லேயே பதிவு செய்த இன்னொரு பார்வையற்ற தெருப்பாடகர் ப்ளைண்ட் வில்லி ஜான்சன். பாவம், அவர் 1945இல் டெக்சஸில் வறுமையிலேயே போய்ச் சேர்ந்தார். டேவிஸ் 1972 வரை இருந்தார்.

கேட்க வேண்டுமானால் 1960இல் பதிவான 'ஹார்லெம் ஸ்ட்ரீட் சிங்கர்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். ஹெட்போன் போட்டு, முதல் தடவை கட்டை விரலை மட்டும் கவனியுங்கள்.