அமெரிக்கப் பையன்களின் பழைய தொப்பிகள்: கேள்வி பதில்

கேள்வி: பழைய நியூயார்க் படங்களில் பேப்பர் விற்கும் பையன்கள் உப்பலாக ஒரு தொப்பி போட்டிருக்கிறார்களே சார், அது என்ன?

பதில்: நியூஸ்பாய் தொப்பி. எட்டுத் துணித் துண்டுகள் உச்சியில் கூடும்படி தைத்து, அங்கே ஒரு பொத்தான் வைப்பார்கள். புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1908 முதல் எடுத்த குழந்தைத் தொழிலாளர் படங்களைப் பாருங்கள், இந்த மாதிரித் துணித் தொப்பிகள் நிறையத் தென்படும். பேர்தான் பையன்களுடையது, பெரியவர்களும் போட்டார்கள்.

கேள்வி: ஆர்ச்சி என்ற அமெரிக்கப் படக்கதையில் வரும் ஜக்ஹெட் என்ற பையன் தலையில் இருப்பது கிரீடமா?

பதில்: இல்லை, வூப்பி தொப்பி. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் பையன்களே செய்துகொண்டது. 1930, 40களில் பெரியவர்கள் போட்டுக் கழித்த ஃபெல்ட் தொப்பியை எடுத்து, விளிம்பை மேலே மடித்து, ரம்பப் பல் மாதிரி வெட்டிவிடுவார்கள். ஃபெல்ட் நெய்த துணி இல்லை, கம்பளியையோ விலங்கு உரோமத்தையோ அழுத்திச் செய்தது. அதனால் வெட்டிய இடத்தில் நூல் பிரியாது, மடித்துத் தைக்கவும் வேண்டாம். அப்புறம் சோடா மூடி அலங்காரம். அன்றைய மூடிக்குள் வட்டமாக ஒரு தக்கை இருக்கும். அதை நெம்பி எடுத்து, மூடியைத் தொப்பிக்கு வெளியே வைத்து, உள்பக்கமிருந்து தக்கையை அழுத்தினால் ஃபெல்ட்டோடு சேர்த்துக் கவ்விக்கொள்ளும். ஊசி, நூல், காசு எதுவும் வேண்டாம்!

கேள்வி: ராக்கூன் என்ற விலங்கின் தோலில் செய்த, வால் தொங்கும் தொப்பியை எல்லாப் பையன்களும் போட்டார்களா?

பதில்: காட்டுப்பகுதி வேட்டைக்காரர்கள் போட்டது அது. அப்படி ஒரு வேட்டைக்காரர்தான் டேவி கிராக்கெட், 1836-இல் டெக்சாஸில் அலமோ கோட்டைப் போரில் இறந்தவர். அவரைப் பற்றி டிஸ்னி 1954 டிசம்பரில் தொலைக்காட்சித் தொடர் போட்டதும் நாடெங்கும் பையன்கள் அந்தத் தொப்பிக்கு அடம்பிடித்தார்கள். பல தொப்பிகளில் இருந்தது போலி உரோமம்தான். ஓரிரு வருடத்தில் மோகம் அடங்கிவிட்டது.

கேள்வி: காற்றாடி வைத்த குல்லாய்?

பதில்: 1947-இல் மிச்சிகனில் ரே நெல்சன் என்ற பள்ளி மாணவர் செய்தது. அறிவியல் புனைகதை ரசிகர் அவர்.

கேள்வி: மாறுவேடப் போட்டிக்கு என் பையனுக்கு வூப்பி தொப்பி செய்து தரலாமா? இப்போது மூடியில் தக்கை வருவதில்லையே.

பதில்: தாராளமாகச் செய்யலாம். பாட்டில் தக்கையை மூடியின் உள்வாய் அளவுக்கு வில்லையாக நறுக்குங்கள். கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். முதலில் விளிம்பை வெட்டிவிட்டு, பிறகு மூடியைப் பொருத்துங்கள்.