எழுதியவர் பெயரை மறைத்தால் சாட்சியும் போய்விடும்

கேள்வி (சுருக்கமாக): நானும் என் தங்கையும் மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ளூர்ச் செய்தித் தளம் நடத்துகிறோம். தனியார் நர்சிங் கல்லூரி ஒன்றைப் பற்றி, அங்கே வேலை பார்க்கும் ஒருவர் எழுதிய கடிதத்தைப் பெயர் போடாமல் வெளியிட்டோம். மாணவிகளின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துப் பணம் கேட்கிறார்கள், ஆய்வுக்கு வருபவர்களுக்குத் தாளாளர் லஞ்சம் கொடுக்கிறார் என்று அதில் இருந்தது. இப்போது 2 கோடி ரூபாய் மானநஷ்ட ஈடும் எழுதியவரின் பெயரும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாள் கெடு. எங்கள் விளம்பரதாரர்களை அந்தத் தாளாளர் முன்பிருந்தே மிரட்டி வருகிறார். 'கருத்துகளுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல' என்று கீழே போட்டிருந்தோம். நக்கீரன் வழக்குத் தீர்ப்பு எங்களைக் காப்பாற்றாதா?

பதில்: தாளாளர் விளம்பரதாரர்களை மிரட்டியதை எதிருரையில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். அது வேறு கதை. இந்த வழக்கில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கடிதத்தில் உள்ள குற்றச்சாட்டுகளை, எழுதியவரைக் கூண்டில் ஏற்றாமல் உங்களால் நிரூபிக்க முடியுமா?

ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அதை வெளியிட்டவர் நீங்கள். கடிதத்தைத் திருத்தினீர்கள், தலைப்பு வைத்தீர்கள், படம் போட்டீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுக்காமலும் மாற்றாமலும் இடம் மட்டும் கொடுப்பவருக்கு. உங்களுக்கு அது கிடையாது. 'ஆசிரியர் பொறுப்பல்ல' என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை.

கை வைக்காமல் வெளியிட்டவர்கள்கூடத் தப்பாத நாடுகள் உண்டு. 2021 பிப்ரவரியில் மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம், வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக மலேசியாகினி தளத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. அது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, சட்டமும் வேறு. ஆனால் போலீஸ் தொடர்புகொண்ட உடனே கருத்துகளை நீக்கியும் அவர்கள் தப்பவில்லை. அபராதத் தொகையை வாசகர்கள் சில மணி நேரத்தில் திரட்டிக் கொடுத்தார்கள். உங்களுக்கு அப்படி ஒரு பின்பலம் இல்லை. உங்கள் தளம் கம்பெனியாகவும் பதிவாகவில்லை. தீர்ப்பு பாதகமாக வந்தால் உங்கள் சொந்தச் சொத்துதான் பதில் சொல்ல வேண்டும்.

நக்கீரன் வழக்கு (ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994) பெரிய தீர்ப்புதான். ஆனால் அது பொது ஆவணங்களை வைத்து எழுதுவதையும், அரசுப் பதவியில் இருப்பவரின் அலுவல் நடத்தையைப் பற்றி எழுதுவதையும் காக்கிறது. உங்கள் தாளாளர் தனிமனிதர்.

சரி, குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். சான்றிதழ் விஷயத்தில் உங்கள் கால் தரையில் நிற்கிறது. பாதிக்கப்பட்ட மாணவிகள் இருக்கிறார்கள், பெற்றோர் கட்டிய ரசீதுகள் இருக்கும். கட்டண பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. இதை நிரூபிக்கக் கடிதம் எழுதியவர் தேவையே இல்லை. நாளைக்கே அந்த மாணவிகளில் இரண்டு மூன்று பேரைப் பாருங்கள்.

லஞ்சக் குற்றச்சாட்டு அப்படி இல்லை. பணம் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தவர் அந்த ஊழியர் ஒருவர்தான். சிவில் வழக்கில் உண்மையே முழு எதிர்வாதம், ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். குற்ற வழக்கென்றால் (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, 2 ஆண்டு வரை சிறை) உண்மையோடு பொது நன்மையையும் காட்ட வேண்டும். அவரை மறைத்தால் உங்களுக்குச் சாட்சி இல்லை. சாட்சியாக்கினால் அவர் பிழைப்பு போய்விடும். இந்த இடத்தில்தான் நேர்மையான ஆட்கள் மாட்டிக்கொள்வதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

'பத்திரிகையாளர் ஆதாரத்தைச் சொல்ல வேண்டியதில்லையே' என்பீர்கள். பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு அப்படிச் சொல்வது கவுன்சில் நடத்தும் விசாரணைக்கு மட்டும். சிவில் நீதிமன்றத்தைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அவர்கள் உங்களை முதல் பிரதிவாதியாகவும், அடையாளம் தெரியாத எழுத்தாளரை 'அசோக் குமார்' என்ற பெயரில் (ஆள் யாரென்று தெரியாதபோது வழக்குகளில் வைக்கும் கற்பனைப் பெயர்) இரண்டாவது பிரதிவாதியாகவும் போட்டு, பெயரை வெளியிடச் சொல்லி மனு போடலாம். நீதிபதி உத்தரவிட்டால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவமதிப்பு.

அதைவிட மோசம், நீதிமன்றம் கேட்பதற்கு முன்பே ஆதாரத்தைத் தாங்களாகவே காட்டிக்கொடுத்துவிடுவது. கட்சிக்காரர் ஒருவர் என்னிடம் வருவதற்கு முன் தானே பதில் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். நம்பகத்தன்மையைக் காட்டுவதற்காக 'பல வருடமாக அங்கே பணிபுரியும் பெண் ஊழியர்' என்று எழுதிவிட்டார். அந்த வர்ணனைக்குப் பொருந்தியவர் ஒரே ஒருவர். நீங்களும் எனக்கு எழுதியதில் அந்த ஊழியர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தீர்கள். இங்கே அதை நீக்கிவிட்டேன். இனி யாரிடமும் அதைச் சொல்லாதீர்கள், தங்கையின் கணவர் உட்பட. உங்கள் வக்கீலிடம் மட்டும் சொல்லலாம்.

பயந்துபோய் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கவும் கூடாது. நீதிமன்றத்தில் ஆதாரமாகக் கேட்கக்கூடியதை வராமல் தடுக்க அழிப்பது அதே நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். அவதூறைவிட அதற்குத் தண்டனை அதிகம், 3 ஆண்டு வரை. அப்புறம், 'எங்களை மிரட்டுகிறார்கள்' என்று நோட்டீஸைக் காட்டி வீடியோ போடும் ஆசை வரும். வேண்டாம். லஞ்சப் பேச்சை மறுபடி சொன்னால் அது புது வெளியீடு. கெட்ட எண்ணத்தோடு செய்தீர்கள் என்பதற்கு அவர்களுக்கு நீங்களே தரும் ஆதாரம்.

2 கோடிக்கு 3 சதவீதம் கோர்ட் கட்டணம், 6 லட்சம் கட்ட மாட்டார்கள் என்று உங்கள் நண்பர் சொன்னாராம். கட்ட வேண்டாமே. 10 லட்சத்துக்கு வழக்குப் போட்டால் 30,000 ரூபாய்தான். வாய்தா வாய்தாவாக உங்களை அலையவிட அது போதும். இடைக்காலத் தடைக்குக் கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே தரும் மனு) போட்டுவிடுங்கள். விசாரணைக்கு முன்பே செய்தியை முடக்கும் உத்தரவுகளை எளிதில் தரக் கூடாது என்று 2024இல் புளூம்பெர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு உதவும்.

நான் சொல்வது சமரசம். லஞ்சம் பற்றிய வாக்கியத்தை நீக்குங்கள், தாளாளரின் மறுப்பைப் போடுங்கள். சான்றிதழ் பற்றிய பகுதியில் ஒரு வார்த்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த மாணவிகளுக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. திருத்தத்தில் 'உறுதிப்படுத்த இயலாததால் நீக்குகிறோம்' என்று எழுதுங்கள். 'பொய்', 'மன்னிப்பு' என்ற சொற்கள், ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்துப் போடும் வரை வரக் கூடாது. அதற்கு முன் எழுதிக் கொடுத்தால் அதையே இணைத்து மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் போடுவார்கள். ஒப்பந்தத்தில் சிவில், கிரிமினல் இரண்டும் அடங்க வேண்டும். எழுதியவர் உட்பட எவர் மீதும் நடவடிக்கை எடுக்க மாட்டோம், அவர் யாரென்று எந்த வழியிலும் தேட மாட்டோம் என்ற ஷரத்தும் வேண்டும். இதை மறந்துவிட்டு, தங்களுக்கு மட்டும் விடுதலை வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. மறுத்தார்கள் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அப்போது சான்றிதழ் ஆவணங்களோடு வழக்கைச் சந்திக்கலாம்.

கெடு முடிவதற்குள் பதில் நோட்டீஸ் வக்கீல் மூலமாகப் போக வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதுவரை அந்த ஊழியருக்கு உங்கள் நம்பரிலிருந்து போன் செய்யாதீர்கள்.