உதவப் போகிறார்களா, கற்கப் போகிறார்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் மருந்தாளுநர் படிப்பில் மூன்றாம் ஆண்டு. மருத்துவம், செவிலியம், இயன்முறை மருத்துவம் படிக்கும் மாணவர்களோடு சேர்ந்து, ஒரு மாதம் வெளிநாட்டுக் கிராமத்தில் சேவை செய்யப் போகிறேன் என்கிறாள். படிப்பே முடியாத பிள்ளைகள் அங்கே என்ன கிழித்துவிடப் போகிறார்கள்? விமானச் செலவை அந்த ஊர் மருத்துவமனைக்கே அனுப்பிவிடலாமே என்றேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ந.

அன்புள்ள ந.,

சேவை என்ற கணக்கில் நீங்கள் கேட்டது சரிதான். ஒரு மாதத்தில் மாணவர்கள் கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வதே அதிகம். அங்குள்ள செவிலியர் தன் வேலையை விட்டுவிட்டு இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும். பாதிரியாரும் சமூகச் சிந்தனையாளருமான இவான் இல்லிச், மெக்சிகோவில் தொண்டு செய்ய முன்வந்த அமெரிக்க மாணவர்களிடம் 1968இல் முகத்துக்கு நேராகவே சொன்னார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்று.

கற்பது என்று வந்தால் நான் உங்கள் மகள் பக்கம்.

பக்கவாதம் வந்து வீடு திரும்பிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ மாணவரின் கவனம் இரத்த அழுத்தத்தில் இருக்கும். தண்ணீர் குடிக்கும்போது அவர் இருமுவதையும், முதுகில் படுக்கைப்புண் தொடங்குவதையும் செவிலிய மாணவி கவனிப்பார். இயன்முறை மாணவர் கழிப்பறைக்குப் போகும் வழியிலுள்ள படியைப் பார்ப்பார். உங்கள் மகள் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்து, ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இருப்பதைக் கண்டுபிடிப்பாள். சரி, அந்த இருமல் காட்டுவதுபோல் விழுங்கவே சிரமப்படுகிறவருக்கு எந்த மாத்திரையைப் பொடித்துத் தரலாம், எதைப் பொடிக்கவே கூடாது? இருமலைக் கண்டவரும் மருந்தை அறிந்தவரும் பேசிக்கொண்டால்தான் இந்தக் கேள்வியே எழும். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் கேட்கிறது: துறைகள் ஒன்றைப் பற்றி ஒன்று, ஒன்றிடமிருந்து ஒன்று, ஒன்றாகச் சேர்ந்து கற்கவேண்டும்.

இதற்கு வெளிநாடு எதற்கு? கட்டாயமில்லை. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986 முதல் உள்ளூரிலேயே இதைச் செய்கிறது. 1996இல் பல துறை மாணவர்கள் சேர்ந்து பணியாற்றும் பயிற்சி வார்டும் அங்கே வந்தது. வெளிநாட்டில் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றுதான். மொழி தெரியாமல் எல்லோரும் ஒரே அளவு திணறுவதால், டாக்டராகப் போகிறவர் என்ற மிதப்பு கொஞ்சம் இறங்கும். ஊர் சுகாதாரப் பணியாளர் பேசி முடிக்கும்வரை அவரும் காத்திருக்கத்தான் வேண்டும். ஒரே வீட்டில் தங்கினால் இரவில் நோயாளிகளைப் பற்றிச் சண்டையும் வரும். வரட்டும்.

அனுப்பும் முன் ஏற்பாட்டாளர்களிடம் கறாராகக் கேளுங்கள். சொந்த நாட்டில் மாணவர்களுக்கு அனுமதியில்லாத எதையாவது அங்கே செய்யவிடுவார்களா? ‘கை பழகலாம்’ என்று யாராவது ஆசை காட்டினால் அந்தத் திட்டமே வேண்டாம். மேற்பார்வை யாருடையது? அந்த நாட்டு மாணவர்களும் குழுவில் உண்டா, அவர்கள் இங்கே வந்து கற்கவும் இடமுண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் மழுப்பலான பதில்தான் வரும்.

அப்புறம், பணம் அனுப்பும் யோசனையைக் கைவிட வேண்டாம். மகள் போனாலும் அனுப்பலாம். நீங்கள் கட்டப்போகும் கட்டணத்தில் அந்த மருத்துவமனைக்கு எவ்வளவு போகிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.