முதியோருக்கு அடக்க முடியாத சிறுநீர்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் அம்மாவுக்கு 82 வயது. சிறுநீர் முட்டியதும், கழிப்பறைக்குப் போய்ச் சேருவதற்குள் சேலை நனைந்துவிடுகிறது. ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரத்திலிருந்து, எப்போதோ இறந்துபோனவர்களை இரவில் அழைத்துப் பேசுகிறார். வயது காரணமா, மாத்திரை காரணமா?

பதில்: மாத்திரையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்யும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பதே இம்மருந்தின் வேலை. ஆனால் அதே வேதிப்பொருள் நினைவாற்றலுக்கும் குடல் அசைவுக்கும் உமிழ்நீர் சுரப்பதற்கும் தேவைப்படுவதாலும், ஆக்ஸிபியூட்டினின் மூளைக்குள் எளிதில் நுழைந்துவிடுவதாலும், தளர்ந்த உடலில் குழப்பமும் மலச்சிக்கலும் வாய் வறட்சியும் சேர்ந்தே வரலாம். மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இன்றே தெரிவியுங்கள். கிருமித் தொற்று, சோடியம் குறைவு போன்றவையும் திடீர்க் குழப்பத்தைத் தரும் என்பதால், அவர் அம்மாவை நேரில் பார்ப்பது அவசியம். போகும்போது அம்மா விழுங்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கால் எரிச்சலுக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலினும், கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் உள்ள குளோர்பெனிரமினும் இதே வேதிப்பொருளைத் தடுப்பவைதாம். சேலை நனையாமல் இருப்பதற்காக ஒருவரின் தெளிவை இழக்கச் செய்யும் வைத்தியத்தை என்னால் ஏற்க இயலாது.

கேள்வி: சிறுநீர் அவசரத்துக்குத் தரப்படும் மிராபெக்ரான் மாத்திரை பாதுகாப்பானதா?

பதில்: அது அசிட்டைல்கோலினைத் தடுக்காமல், வேறு வழியில் சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்துகிறது. எனவே, முதியவருக்கு மருந்து தேவைதான் என்று முடிவானால் நான் முதலில் எண்ணிப் பார்ப்பது அதையே. 25 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். பலன் தெரிய இரண்டு மாதங்கள் வரை பொறுக்க வேண்டியிருக்கலாம். இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் 180/110 அளவை எட்டுபவர்களுக்கு அது கூடாது. எந்த மருந்தானாலும், சிறுநீர் கழித்தபின் சிறுநீர்ப்பையில் எவ்வளவு தங்குகிறது என்பதை முன்கூட்டியே ஸ்கேனில் பார்த்துவிடுங்கள். புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு இது மிக முக்கியம்.

கேள்வி: 78 வயதான என் மாமனார் இரவில் ஐந்து முறை எழுகிறார். மாலையில் தண்ணீரை அறவே நிறுத்தியும் பலனில்லை.

பதில்: மாலையில் அவருடைய கால்களைப் பாருங்கள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் சிறிது நேரம் அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா? பகல் முழுவதும் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பவரின் கால்களில் தேங்கும் நீர், அவர் படுத்ததும் இரத்தத்தில் கலந்து, இரவெல்லாம் சிறுநீராக வெளியேறுகிறது; அந்த நிலையில் சிறுநீர்ப்பைக்கு மாத்திரை கொடுத்துப் பயனில்லை. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரையும் கால் வீக்கம் தரும். பிற்பகலில் கால்களை உயர்த்தி வைத்துப் படுக்கச் செய்யுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவரானால், அதன் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்று மூன்று நாள் அளந்து எழுதிக் காட்டினால் பாதி நோய் அதிலேயே புலப்பட்டுவிடும்.

அதுவரை, இருட்டில் ஈரத்தரையைத் தாண்டி அவரைக் கழிப்பறைக்கு அனுப்ப வேண்டாம். இடுப்பெலும்பு முறிவு இப்படித்தான் நேர்கிறது. கட்டிலருகே சிறுநீர்க் குடுவை, கால் வைக்கும் இடம் தெரியும்படி ஒரு சிறு விளக்கு, எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் அமர்ந்திருக்கும் பழக்கம் ஆகியவை இன்றே வேண்டும்.

கேள்வி: சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இருப்பதாக வந்தது. ஆன்டிபயாட்டிக் தொடரலாமா?

பதில்: காய்ச்சல், புதிய எரிச்சல் போன்ற அறிகுறிகள் இல்லாதபோது, முதியோரின் சிறுநீரில் கிருமி காணப்படுவது சாதாரணம், பெரும்பாலும் அதற்குச் சிகிச்சை தேவையில்லை. பழைய சிறுநீர் அவசரத்தை ஆன்டிபயாட்டிக் தீர்க்காது.

கேள்வி: மறதி நோயுள்ள என் பாட்டி சிறுநீர் வருவதைச் சொல்வதே இல்லை. பகலிலும் டயப்பர்தான் வழியா?

பதில்: அவரால் உதவியோடு நடக்க முடியுமானால், இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை, “பாட்டி, பாத்ரூம் போகலாமா?” என்று கேட்டு, சம்மதித்தால் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். உடை நனையாமல் இருந்தால் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள்; நனைந்திருந்தால் பேசாமல் மாற்றிவிடுங்கள். சில நாட்களில் பலன் தெரிகிறதா என்று பாருங்கள். மறதிக்காக டோனெபெசில் தரப்பட்ட பிறகு இந்தத் தொல்லை தொடங்கியதா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். அம்மருந்து அசிட்டைல்கோலினைக் கூட்டுவதால் சிறுநீர் அவசரத்தைத் தூண்டக்கூடும். அப்படியிருக்க, அசிட்டைல்கோலினைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது, ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறிப்பதாகிவிடும்.